பிளஸ் டூ ஆண்டில் எஸ்ஏடி தேர்வு: எந்த மாதத்தில் எழுத வைப்பது?

உறையூர்க்காரர் (கேள்வி, டிசம்பர் 2025):

அனைவருக்கும் வணக்கம். என் மகள் திருச்சியில் சிபிஎஸ்இ பள்ளி ஒன்றில் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். 2027ஆம் ஆண்டு ஆகஸ்ட் வாக்கில் தொடங்கும் கல்வியாண்டில் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் பொறியியல் இளநிலைப் படிப்பில் சேர வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் அந்தப் பக்கம் போனதில்லை. எனக்குத் தெரிந்த சேர்க்கை முறை தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வு ஒன்றுதான் என்பதால், கேள்வி சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்குக் கேட்கும் எஸ்ஏடி தேர்வை எந்த மாதத்தில் எழுத வைப்பது என்பதில்தான் குழப்பம். அவள் வார இறுதியில் போகும் பயிற்சி மையத்தில் 2026 மார்ச் 14 அன்று நடக்கும் தேர்வுக்கு இப்போதே பதிவு செய்யச் சொல்கிறார்கள். அந்த நாள் பதினோராம் வகுப்பு ஆண்டுத் தேர்வுக்கு நடுவில் வருகிறது. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஜனவரி 1 என்று பல கல்லூரிகளின் தளங்களில் பார்த்ததால், அவசரமே இல்லாமல் 2026 அக்டோபரில் ஒரு முறையும் டிசம்பரில் ஒரு முறையும் எழுதினால் போதும் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். இந்தக் கணக்கு சரிதானா? பாதுகாப்புக்காக ஜேஇஇ தேர்வையும் எழுத வைக்கலாம் என்று நினைக்கிறோம். அதையும் சேர்த்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

இன்னும் ஒரு சிறு செய்தி. மகளின் பாஸ்போர்ட் நான்கு ஆண்டுகளுக்கு முன்னால், சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போவதற்காக எடுத்தது. வருகிற செப்டம்பரில் காலாவதியாகிறது. விசாவுக்குப் போகும்போது புதுப்பித்துக்கொள்ளலாம் என்று விட்டு வைத்திருக்கிறேன்.

வைகைக்கரை (பதில்):

வணக்கம் அண்ணா. என் மகன் மதுரையிலிருந்து இதே பாதையில் போய்ச் சென்ற ஆண்டு சேர்ந்தான் என்பதால் எங்களுக்கு நேர்ந்ததை அப்படியே எழுதுகிறேன். நீங்கள் கடைசியில் சிறு செய்தி என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் முதல் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும். தேர்வு மாதத்தைப் பிறகு பேசலாம்.

எஸ்ஏடியை நடத்தும் காலேஜ் போர்டின் தளத்தில் கணக்குத் தொடங்கும்போது கொடுக்கும் பெயரும், தேர்வு நாளன்று வாசலில் காட்டும் அடையாள ஆவணத்தில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதில்தான் சிக்கல். பள்ளிப் பதிவேட்டில் பெயருக்கு முன்னால் ஓர் இனிஷியல் இருக்கும். ஆதாரில் அது பெயருக்குப் பின்னால் போயிருக்கும். பாஸ்போர்ட்டில் முழுப் பெயரும் கொடுபெயர் என்ற கட்டத்துக்குள் அடைந்து கிடக்க, குடும்பப்பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கும். என் மகனுக்கு அப்படித்தான் இருந்தது. பெரும்பாலான அமெரிக்கப் படிவங்களில் முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன, இரண்டையும் நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போகவே விடாது. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில், இருக்கும் ஒரே பெயரைக் கடைசிப்பெயராக வைத்துவிட்டு, முதற்பெயர் இடத்தில் 'எஃப்என்யூ', அதாவது முதற்பெயர் தெரியவில்லை, என்று அச்சிட்டு விடுகிறார்கள். அப்பா பெயர் வைத்துக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவே நம் பிள்ளைகளுக்குக் கொஞ்ச நாள் பிடிக்கும், இதில் பெயரே இல்லாதவன் என்று எழுதினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே புதுப்பிக்கும்போதே மகளின் பெயரைக் கொடுபெயர் கட்டத்திலும், உங்கள் பெயரை விரித்து எழுதிக் குடும்பப்பெயர் கட்டத்திலும் போடச் சொல்லுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். புதுப்பித்தால் பாஸ்போர்ட் எண்ணும் மாறிவிடும். அதனால் பழைய எண்ணையும் பழைய எழுத்துக்கூட்டலையும் வைத்து எந்தத் தேர்விலும் கணக்குத் தொடங்கிவிடாதீர்கள். எஸ்ஏடி, ஆங்கிலத் தேர்வு, பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பம் என்று மூன்று இடங்களிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருந்தால்தான் மதிப்பெண்ணும் விண்ணப்பமும் ஒன்றையொன்று கண்டுபிடித்துச் சேரும். செப்டம்பரில் காலாவதியாகும் பாஸ்போர்ட்டை நம்பி அக்டோபர் தேர்வுக்குப் பதிவு செய்வது எவ்வளவு ஆபத்து என்பது உங்களுக்கே இப்போது புரிந்திருக்கும். தேர்வு நாளன்று காட்டும் ஆவணம் காலாவதியாகாமல் இருக்க வேண்டும், அசலாகவும் கையில் இருக்க வேண்டும். எங்கள் மையத்தில் ஒரு பையன் செல்பேசியில் படத்தைக் காட்டிவிட்டு உள்ளே போகப் பார்த்தான். அவனுடைய அப்பா வீட்டுக்கு ஓடிப் போய் அசலை எடுத்து வருவதற்குள் எட்டு மணிக்குக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

இரண்டாவது விஷயம் மையம். தமிழ்நாட்டில் மையங்கள் இருக்கின்றன, ஆனால் அக்டோபர் போன்ற நெரிசல் மாதங்களில் இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். நாங்கள் பதிவுக்குத் தாமதமாகப் போனதால் பக்கத்தில் எங்கும் இடம் கிடைக்காமல் பெங்களூருதான் கிடைத்தது. தேர்வு சனிக்கிழமை காலை. வியாழன் இரவு தூத்துக்குடி–மைசூரு விரைவு ரயிலில் ஏறி, வெள்ளி காலையில் இறங்கி, ஒரு நாள் முழுக்க விடுதி அறையில் அவனைத் தூங்க வைத்தேன். வெள்ளி இரவு புறப்பட்டு விடியற்காலையில் இறங்கி நேரே தேர்வுக்குப் போனால் நூறு ரூபாய் மிச்சமாகும், ஐம்பது மதிப்பெண் போய்விடும்.

மூன்றாவது, மடிக்கணினி. இப்போது தாளில் எழுதுவது கிடையாது. அமெரிக்காவுக்கு வெளியே 2023 மார்ச் முதல் கணினி வழியாகத்தான் நடக்கிறது, அதற்கான புளூபுக் என்ற செயலியை நம் கணினியிலேயே நிறுவிக் கொண்டுபோக வேண்டும். செல்பேசியில் எழுத முடியாது. என் கணவரின் அலுவலக மடிக்கணினி நன்றாக இருக்கிறதே என்று அதில் நிறுவப் போனோம். தேர்வுக்கு ஐந்து நாள் இருக்கும்போதுதான் அந்தச் செயலியில் தேர்வுக்கான அமைப்பைச் செய்து நுழைவுச்சீட்டை எடுக்க முடியும். செயலியைத் திறந்தால் அலுவலகத்தின் பாதுகாப்புப் பூட்டு குறுக்கே வந்து நிற்கிறது. அனுமதி கேட்டு மின்னஞ்சல் அனுப்பி, பதில் வராமல், கடைசியில் என் தம்பியின் சொந்தக் கணினியை வாங்கித் துடைத்து எடுத்துக்கொண்டு போனோம். வீட்டுக்குச் சொந்தமான கணினி, மூன்று நான்கு மணி நேரம் தாங்கும் மின்கலம், இவ்வளவும் ஒரு மாதத்துக்கு முன்னாலேயே தயாராக இருக்கட்டும். அதே செயலியில் முழு அளவு மாதிரித் தேர்வுகள் இலவசமாக இருக்கின்றன, தேர்வுக்குக் கொண்டுபோகும் கணினியிலேயே அவற்றை எழுத வைத்தால் இரண்டு வேலை முடியும்.

பனிக்கால மாணவன் (பதில்):

வணக்கம் ஐயா. நான் சென்னையில் படித்து இப்போது அமெரிக்காவில் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். வைகைக்கரை அம்மா சொன்னதெல்லாம் உண்மை. நான் உங்கள் காலக்கணக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அது தவறு என்று சொல்வதற்கு மன்னிக்கவும்.

ஜனவரி 1 என்பது பொதுச் சுற்றின் கடைசி நாள். அதற்கு முன்னால் முன்சுற்றுக்கு நவம்பர் 1 என்ற இன்னொரு கடைசி நாள் இருக்கிறது, நம்மைப் போல வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு உண்மையான கடைசி நாள் பல நேரங்களில் அதுதான். மகள் பொறியியல் கேட்கிறாள் என்பதால் பர்டூ பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே எஸ்ஏடி அல்லது அதைப் போன்ற இன்னொரு தேர்வான ஏசிடியின் மதிப்பெண் கட்டாயம். உதவித்தொகைக்கும் நெரிசலான பாடப்பிரிவுகளுக்கும் முழுப் பரிசீலனை வேண்டுமானால் நவம்பர் 1க்குள் விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பெரும்பாலான துறைகளில் தகுதி உதவித்தொகைக்கும் அதே நவம்பர் 1தான். பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் பெரிய உதவித்தொகைகளுக்கு டிசம்பர் 1. டிசம்பர் தேர்வின் மதிப்பெண், தேர்வு முடிந்து ஏறத்தாழ இரண்டு வாரத்தில் வந்துவிடும், ஜனவரி 1க்கு அது போதும் என்பதும் சரிதான். ஆனால் அதற்குள் நவம்பர்ச் சுற்று முழுவதும் கையை விட்டுப் போயிருக்கும். டிசம்பரில் மதிப்பெண் குறைந்தால் மறுபடி எழுத அடுத்த வாய்ப்பு மார்ச்சில்தான் வரும், அப்போது கல்லூரிகள் முடிவையே அறிவித்துக்கொண்டிருக்கும்.

ஆகவே நவம்பர் 1இலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். இந்தியாவில் எழுதுவதற்கு மார்ச், மே, ஜூன், ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களில் தேர்வு வருகிறது. அக்டோபர் தேர்வு மாதத்தின் முதல் சனிக்கிழமையை ஒட்டி நடப்பதால், அதன் மதிப்பெண் நவம்பர் 1க்கு முன்னால் கைக்கு வரும். அதுதான் உங்கள் கடைசி வாய்ப்பு. கடைசி வாய்ப்பை முதல் வாய்ப்பாக வைத்துக்கொள்ளக் கூடாது. நான் ஜூனில் எழுதாமல் விட்டுவிட்டு ஆகஸ்டில் முதல் முறை உட்கார்ந்தேன், 1600க்கு 1390 வந்தது. அக்டோபரில் 1480. ஆகஸ்டில் கணிதமும் அக்டோபரில் ஆங்கிலமும் நன்றாக வந்திருந்ததால், இரண்டு நாள்களின் சிறந்த பகுதிகளையும் சேர்த்துப் பார்க்கும் கல்லூரிகளில் 1510 என்று கணக்கானது. பல கல்லூரிகள் அப்படிச் சேர்த்துப் பார்க்கின்றன. அந்த ஒரு காரணத்துக்காகவே இரண்டு முறை எழுதுவது பொருத்தம்.

தேர்வு முழுதும் 2 மணி 14 நிமிடம்தான். வாசிப்பும் எழுத்தும் 64 நிமிடத்தில் 54 கேள்விகள், பத்து நிமிட இடைவேளை, பிறகு கணிதம் 70 நிமிடத்தில் 44 கேள்விகள். ஒவ்வொரு பகுதியும் இரண்டாகப் பிரிந்து வரும், முதல் பாதியில் எப்படி எழுதினோம் என்பதைப் பொறுத்து இரண்டாவது பாதி கடினமாகவோ எளிதாகவோ மாறும். சிபிஎஸ்இ கணிதம் படித்த பிள்ளைக்குக் கணிதப் பகுதி பெரிய பாடு இல்லை. ஆங்கில வாசிப்புக்குத்தான் மாதக் கணக்கில் பழக வேண்டும், அதனால் காலத்தை அந்தப் பகுதிக்கு ஏற்றபடி கணக்கிடுங்கள்.

இந்த மதிப்பெண் தேவையா என்று கேட்கும் உறவினர்களும் வருவார்கள், எங்கள் வீட்டிலும் வந்தார்கள். தொற்றுக் காலத்தில் பல கல்லூரிகள் விலக்கிவிட்டதை வைத்து அப்படிச் சொல்கிறார்கள். எம்ஐடி 2022இலேயே திரும்பக் கட்டாயமாக்கிவிட்டது, டார்ட்மத், பிரவுன், ஹார்வர்டு, கால்டெக் ஆகியவை 2024இல் அறிவித்தன. கொலம்பியா விருப்பம் என்றே வைத்திருக்கிறது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ் போன்ற வளாகங்கள் மதிப்பெண்ணைக் கொடுத்தாலும் சேர்க்கைக்குப் பார்ப்பதில்லை. பிரின்ஸ்டன் 2027–28 சேர்க்கைச் சுற்றிலிருந்து மீண்டும் கேட்கப் போகிறது, உங்கள் மகள் அதற்கு ஓராண்டு முந்தியவள். பட்டியலில் உள்ள எல்லாக் கல்லூரியையும் ஒரு முறை தளத்தில் போய்ப் பார்த்துவிட்டு, ஒன்றாவது கட்டாயம் என்று இருந்தால் எழுத வைப்பதே வழி.

உறையூர்க்காரர் (பதில்):

இருவருக்கும் மிக்க நன்றி. பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். வைகைக்கரை அம்மா சொன்னபடியே குடும்பப்பெயர் கட்டம் வெறுமையாகத்தான் இருக்கிறது. பத்து வருடம் கூரியர் தொழில் செய்கிறேன், தினமும் நூறு முகவரியைச் சரிபார்க்கிறேன், சொந்த மகளின் பெயரைப் பார்க்கவில்லை.

இரண்டு கேள்விகள் மீதமிருக்கின்றன. முதல் முயற்சியை மார்ச்சில் வைப்பதா, மேயிலா, ஜூனிலா? ஒரு முறை எழுத எவ்வளவு செலவாகும்? மூன்று முறை எழுத வைக்கும் நிலை எங்களுக்கு இல்லை என்பதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்.

கோவை இயற்பியல் ஆசிரியை (பதில்):

வணக்கம். கோவையில் சிபிஎஸ்இ பள்ளி ஒன்றில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். வெளிநாடு போகும் பிள்ளைகளுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுவதும் மதிப்பெண் பட்டியலைத் தயார் செய்வதும் என் மேசைக்கே வந்து சேருவதால் சில ஆண்டுகளாக இந்த நாள்காட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 14ஐ விட்டுவிடுங்கள். பயிற்சி மையங்கள் அதைச் சொல்வதற்குக் காரணம் அவர்களுடைய வகுப்பு அட்டவணை அந்த மாதத்தில் முடிகிறது என்பதே. அமெரிக்கக் கல்லூரிகள் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை நான்கு ஆண்டு மதிப்பெண்களையும் கேட்கின்றன. நவம்பரில் விண்ணப்பம் போகும்போது அவர்கள் கையில் இருக்கப் போகும் கடைசி முழு ஆண்டு மதிப்பெண் பதினோராம் வகுப்பினுடையது. பொதுத்தேர்வு இல்லாத வகுப்பு என்று நம் வீடுகளில் அதை அலட்சியமாக விடுகிறோம். அமெரிக்கக் கல்லூரி அதைத்தான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறது. ஒரு சனிக்கிழமைத் தேர்வுக்காக ஆண்டுத் தேர்வில் இரண்டு பாடத்தைக் கோட்டை விட்டு வருகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

2026இல் மே 2, ஜூன் 6 என்று இரண்டு தேதிகள் இருக்கின்றன. தம்பி ஜூனில் எழுதாமல் விட்டதாகச் சொன்னார், நான் அந்த ஜூனையே சொல்கிறேன். ஏப்ரலில் பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் தொடங்கிவிட்டாலும் மே மாதம் விடுமுறை. மே 2இல் எழுதினால் ஏப்ரல் முழுவதும் பள்ளியும் தயாரிப்பும் ஒன்றோடொன்று மோதும். ஜூன் 6இல் எழுதினால் மே மாத விடுமுறை முழுவதும், காலையில் மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொண்டால்கூட, தொடர்ச்சியாக வாசிப்புக்குக் கிடைக்கும். பள்ளி திறக்கும் வாரத்தில் தேர்வு முடிந்துவிடும். என் மாணவர்களுக்கு நான் ஜூனைத்தான் சொல்கிறேன், திருமணமோ கோயில் திருவிழாவோ மே கடைசியில் இருக்கும் வீட்டுக்கு மட்டும் மே 2. மதிப்பெண் ஜூன் மூன்றாம் வாரத்தை ஒட்டி வந்துவிடும். போதுமென்றால் அத்தோடு நிறுத்தலாம். போதாதென்றால் ஆகஸ்ட். ஆகஸ்டிலும் ஏதாவது ஆகிவிட்டால் மட்டும் அக்டோபர். பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு செப்டம்பரில் வருவதால் அக்டோபர்த் தேர்வுக்கு முந்தைய மாதம் பிள்ளைகளுக்கு மூச்சு விட நேரமிருக்காது, அதனால் அதை அவசரத்துக்கான கதவாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் பற்றித் தம்பி சொன்னதோடு நான் ஒன்றைச் சேர்க்கிறேன். டிசம்பர் முதல் வாரம் எங்கள் பள்ளிகளில் பொதுத்தேர்வுக்கான முன்தயாரிப்புத் தேர்வின் காலம், ஜனவரியில் செய்முறைத் தேர்வு, பிப்ரவரி நடுவில் பொதுத்தேர்வு. இவ்வளவுக்கும் இடையில் கட்டுரைகள் எழுதிக்கொண்டு, எஸ்ஏடிக்கும் படித்துக்கொண்டு இருக்கும் பிள்ளையின் முகத்தை வகுப்பறையில் தினமும் பார்க்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்த மாதத்தை அவளுக்கு விட்டுவிடுங்கள்.

ஜேஇஇ பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதன்மைத் தேர்வின் முதல் அமர்வு ஜனவரியில் வருகிறது, இரண்டாவது ஏப்ரலில். பொதுச்சுற்று விண்ணப்பங்கள் டிசம்பர் கடைசியில் உட்கார்ந்து முடிக்க வேண்டியவை. இரண்டையும் முழு மனத்தோடு செய்ய எந்தப் பிள்ளைக்கும் நாளில் நேரம் கிடையாது. பாதுகாப்புதான் நோக்கம் என்றால் பொதுத்தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டு நீங்கள் ஏற்கெனவே அறிந்த கலந்தாய்வே போதுமான பாதுகாப்பு. ஜேஇஇ ஏப்ரல் அமர்வை மட்டும் பெயருக்கு எழுதட்டும்.

செலவு: 2025–26 கல்வியாண்டில் பதிவுக் கட்டணம் 68 டாலர், வெளிநாட்டில் எழுதுவதற்கான கூடுதல் கட்டணம் 43 டாலர், ஆக 111 டாலர். நம் பணத்தில் ஏறத்தாழ பத்தாயிரம் ரூபாய் ஆகும். தேதியை மாற்றினாலும் மையத்தை மாற்றினாலும் தனிக் கட்டணம். அமெரிக்காவில் வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் கட்டண விலக்கு, அந்நாட்டுக் குடியுரிமை இல்லாமல் இங்கிருந்து எழுதும் நம் பிள்ளைகளுக்குக் கிடையாது. ஆனால் தேர்வு முடிந்து ஒன்பது நாள்களுக்குள் குறிப்பிட்டால் நான்கு கல்லூரிகளுக்கு மதிப்பெண்ணை இலவசமாக அனுப்புகிறார்கள். விண்ணப்பத்தின்போது மதிப்பெண்ணை நாமே எழுதிக் கொடுத்தால் போதும், சேர்ந்த பிறகு அதிகாரப்பூர்வமாக அனுப்பலாம் என்று பல கல்லூரிகள் விட்டுவிடுகின்றன. அந்த நான்கையும் மதிப்பெண் தெரியாமல் செலவிட வேண்டிய கட்டாயம் இல்லை.

வைகைக்கரை (பதில்):

டீச்சர் சொன்ன ஜூனுக்கு நானும் கை தூக்குகிறேன். அண்ணா, ஆங்கிலத் தேர்வை யாருமே சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். டோஃபல் என்ற அந்தத் தேர்வுக்கு எஸ்ஏடி போல ஆண்டில் ஏழெட்டு நாள்தான் என்ற கட்டுப்பாடு கிடையாது. ஊரைப் பார்த்துத் தேதி எடுத்துக்கொள்ளலாம், வீட்டிலிருந்தே எழுதும் வழியும் இருக்கிறது. மதிப்பெண் இரண்டு ஆண்டுகள் செல்லும். எஸ்ஏடிக்காக வாசித்த சூடு ஆறுவதற்குள், ஜூலையில் எழுத வைத்தால் தனியாகப் படிக்க வேண்டியதில்லை. 2026 ஜனவரி 21 முதல் அதன் வடிவமே மாறுகிறது. 120க்கு என்றிருந்த மதிப்பெண்ணை இனி 1 முதல் 6 வரை என்று கொடுக்கப் போகிறார்கள், ஆகவே பழைய பயிற்சிப் புத்தகத்தை யாராவது அன்பாகக் கொடுத்தால் வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில வழியில் படித்தவர்களுக்குச் சில கல்லூரிகள் இந்தத் தேர்வையே கேட்பதில்லை என்பதால் பணம் கட்டுவதற்கு முன்னால் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

பனிக்கால மாணவன் (பதில்):

ஆசிரியை அவர்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். மே மாதம் முழுவதும் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஜூனைப் பற்றிச் சொல்லத் தகுதி இல்லை.

நேரக் கணக்கைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. எஸ்ஏடி பதிவுக்குக் கடைசி நாள் இரவு 11:59 என்று இருந்தால் அது அமெரிக்கக் கிழக்குக் கரை நேரம். கோடையில் நாம் அவர்களைவிட ஒன்பதரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம், ஆகவே நமக்கு அது மறுநாள் காலை 9:29. நவம்பர் முதல் ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியதும் அதே கெடு நமக்குக் காலை 10:29 ஆகிவிடும். காமன் ஆப் வழியாகப் போகும் விண்ணப்பங்களுக்கோ இந்தச் சலுகை கிடையாது, விண்ணப்பிப்பவர் இருக்கும் ஊரின் நேரம்தான் கணக்கு. நவம்பர் 1 என்றால் திருச்சியில் நவம்பர் 1 இரவு 11:59. என் நண்பன் ஒருவன் பதிவுக்குக் கிடைத்த கூடுதல் காலை நேரம் விண்ணப்பத்துக்கும் கிடைக்கும் என்று எண்ணி நிம்மதியாகத் தூங்கினான். காலையில் எழுந்து பார்த்தபோது அந்தக் கல்லூரியின் முன்சுற்று மூடியிருந்தது.

உறையூர்க்காரர் (பதில்):

மூவருக்கும் நன்றி. இரவு மகளோடும் அவள் அம்மாவோடும் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டோம். பாஸ்போர்ட் புதுப்பிப்புக்கு இணையத்தில் விண்ணப்பித்து அடுத்த வாரத்துக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். பெயர் இரண்டு கட்டத்திலும் வரும்படி எழுதியிருக்கிறேன், அதை மகள் தன் கையால் ஒரு தடவையும் நான் இரண்டு தடவையும் சரிபார்த்தோம். புது பாஸ்போர்ட் வந்த பிறகுதான் காலேஜ் போர்டு கணக்கு. ஜூன் 6க்குத் திருச்சியிலோ பக்கத்திலோ மையம் கிடைக்கிறதா என்று கணக்குத் தொடங்கிய அன்றே பார்ப்போம், இல்லாவிட்டால் சென்னைக்கு வெள்ளிக்கிழமை பகலிலேயே கிளம்பிவிடுவோம்.

பயிற்சி மையத்தில் மார்ச் வேண்டாம் என்று சொன்னேன். கட்டிய பணத்தைத் திருப்பித் தர முடியாது, ஜூன் பிரிவுக்கு மாற்றித் தருகிறோம் என்றார்கள். அது போதும். ஆசிரியை அவர்களிடம் ஒரே ஒரு சந்தேகம்: பரிந்துரைக் கடிதத்தை ஆசிரியர்களிடம் எப்போது கேட்பது?

கோவை இயற்பியல் ஆசிரியை (பதில்):

பதினோராம் வகுப்பு முடிந்ததும், ஏப்ரலில், நேரில் போய் மகளே கேட்கட்டும். அப்போது அவள் வகுப்பில் செய்தது ஆசிரியருக்கு நினைவில் இருக்கும். அக்டோபர் கடைசி வாரத்தில் நாங்கள் அரையாண்டு விடைத்தாளைத் திருத்தி முடித்த களைப்பில் இருப்போம், அப்போது கேட்கும் பிள்ளைக்கு நான்கு வரிதான் கிடைக்கும்.